எங்கப்பன் குதிருக்குள் இல்லை!

அக்கா மகனிடம் நான் முதன்முதலாகத் தோற்ற ஆட்டம் அது. நான் வட அமெரிக்கா, அவன் ரஷ்யா. ஆட்டக் கடிகாரம் 30 நிமிடத்தைத் தொட்டதும் திரையில் 'டெஃப்கான் 1' என்று விழுந்தது. இனி அணுகுண்டு வீசலாம் என்று அர்த்தம். அதற்காகவே பரபரத்துக்கொண்டிருந்த நான், என் வசம் இருந்த ஆறு ஏவுகணைச் சைலோக்களையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டேன். ஏவுகணைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, அட்லாண்டிக்கின் மேல் வில்லாக வளைந்து போயின. பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. பதிலுக்கு ஒரு குண்டுகூடப் போடவில்லை. "அவ்ளோதானா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நான் அனுப்பியதில் பெரும்பகுதியை அவனுடைய சைலோக்கள் வானத்திலேயே சுட்டு வீழ்த்தின. என் கரையோரம் எங்கோ மூழ்கிக் கிடந்த அவனது நீர்மூழ்கிகள் மெல்ல மேலே வந்தன. வருகிற குண்டைத் தடுக்க என் பக்கம் யாரும் இல்லை. தடுக்க வேண்டிய சைலோக்கள் எல்லாம் தாக்குவதில் மும்முரமாக இருந்தன. நகரங்களின் பெயரும், ஒவ்வொன்றிலும் எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்ற கணக்கும் திரையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிறகுதான் அவன் தன் சைலோக்களைத் திறந்தான், சாவகாசமாக.

சைலோ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள் தானியக் கிடங்கு. நம் ஊரில் அதற்குக் குதிர் என்று பெயர். ஏவுகணையை நட்டு வைக்கிற கான்கிரீட் குழிக்கு அமெரிக்கர்கள் தங்கள் குதிரின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் குதிர் என்றதும் தமிழருக்கு நெல்லுக்கு முன்னால் நினைவு வருவது ஒரு பிள்ளை. கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அப்பா வீட்டில் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். பிள்ளையோ, "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்கிறான். நாங்கள் ஆடிய டெஃப்கான் என்ற கணினி விளையாட்டில் அந்தப் பிள்ளையின் வேலையை ஏவுகணை பார்க்கிறது. ஒரு சைலோவிலிருந்து குண்டு கிளம்பிய மறுகணம், அதுவரை வரைபடத்தில் ஒளிந்திருந்த அந்த இடம் ஆட்டத்தில் உள்ள எல்லோரின் திரையிலும் தெரிந்துவிடும்.

இனி நானும் குதிர் என்றே எழுதுகிறேன்.

கட்ட முடியாத விளையாட்டு

டெஃப்கானை உருவாக்கியது பிரிட்டனின் இன்ட்ரோவெர்ஷன் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம். வெளியானது 2006 செப்டம்பரில். வடிவமைப்பின் மூளை கிறிஸ் டிலே. 1983-ல் வந்த 'வார் கேம்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில், ராணுவக் கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு ராட்சத உலக வரைபடமும் அதில் ஊர்ந்து செல்லும் ஒளிக்கோடுகளும் வரும். விளையாட்டின் தோற்றம் அங்கிருந்து பிறந்தது. கரிய கடல், நீலத்தில் மின்னும் கரைகள், புள்ளிகளாக நகரங்கள். ரத்தம் கிடையாது, இடிபாடு கிடையாது. பின்னணி இசையோடு எங்கிருந்தோ ஓர் இருமலும், ஒரு பெண்ணின் அழுகையும் மட்டும் அவ்வப்போது கேட்கும். இரவில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடினால் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

நிகழ்நேர உத்தி விளையாட்டு என்றால் பொதுவாக என்ன செய்வோம்? மரம் வெட்டுவோம், தங்கம் தோண்டுவோம், படைவீடு கட்டுவோம், படை வளர்ப்போம். டெஃப்கானில் அதெல்லாம் இல்லை. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று ஆறு பகுதிகள். நிஜத்தில் எங்கே எத்தனை பேர் வாழ்ந்தாலும் சரி, இங்கே பகுதிக்கு 10 கோடி மக்கள். ஒவ்வொருவருக்கும் 6 குதிர்கள், 7 ரேடார்கள், 4 விமான தளங்கள். கடலில் போர்க்கப்பல், விமானந்தாங்கிக் கப்பல், நீர்மூழ்கி என வகைக்கு 12. இவ்வளவுதான் சீதனம். ஒன்று போனால் இன்னொன்று கட்ட முடியாது. முதல் நிமிடத்தில் இருப்பதுதான் அதிகபட்சம். அதற்குப் பின் எல்லாம் குறைந்துகொண்டே போகும்.

டெஃப்கான் என்பது அமெரிக்க ராணுவம் 1959-ல் கொண்டுவந்த போர் ஆயத்த நிலைகளின் பெயர். விளையாட்டும் அதே படிகளில் இறங்குகிறது. 5-லும் 4-லும் குதிர்களையும் ரேடார்களையும் கப்பல்களையும் நிறுத்தலாம். 3-ல் கடற்போரும் வான்போரும் தொடங்கும். 1-ல் அணுகுண்டு. நேரத்தை 5 மடங்கு, 10 மடங்கு, 20 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். ஆனால் ஆட்டக்காரர்களில் யார் மிக மெதுவான வேகத்தைக் கேட்கிறாரோ அந்த வேகத்தில்தான் உலகம் சுழலும். அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓரத்தில் ஆட, ஆறு மணி நேரம் வரை நீளும் நிஜவேக ஆட்டமும் உண்டு. மேலாளர் வந்தால் சட்டென்று மறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

வாளும் அதுவே, கேடயமும் அதுவே

ஒரு குதிருக்குள் 10 குண்டுகள். ஆறு குதிர்களிலும் சேர்த்து 60. உலகின் எந்த மூலைக்கும் இவை போய்ச் சேரும். 12 நீர்மூழ்கிகளில் தலா 5 என்று இன்னொரு 60 இருக்கிறது. ஆனால் அவை எதிரியின் கரைக்கு அருகில் போய், நீரின் மேல் எழுந்துதான் சுட வேண்டும். எழுந்தால் மாட்டிக்கொள்ளும்.

இதுவரை பார்த்தால் குதிர் வெறும் பெரிய துப்பாக்கி. விளையாட்டின் உயிர் இதற்கடுத்த விதியில் இருக்கிறது. குதிரின் இயல்பான வேலை தாக்குவதல்ல. வானில் வரும் எதிரி விமானங்களையும் ஏவுகணைகளையும் சுட்டு வீழ்த்துவதுதான். நாம் கட்டளையிட்டால் தாக்கும் நிலைக்கு மாறும். மாற 2 நிமிடம் ஆகும். மாறிவிட்டால் அது எதையும் தடுக்காது. தலைக்கு நேராக ஒரு குண்டு இறங்கினாலும் பார்த்துக்கொண்டு நிற்கும். திரும்பக் காவல் நிலைக்கு வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆக, குதிரைத் திறக்கிறவர் ஒரே செயலில் மூன்று காரியம் செய்கிறார். எதிரியைத் தாக்குகிறார், தன் கேடயத்தைக் கீழே வைக்கிறார், வீட்டு விலாசத்தையும் ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார்.

இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். 20 மடங்கு வேகத்தில் அது 6 நொடி. அந்த வேகத்தில் யோசிக்கிற எவரும் முதலில் திறந்துவிடுவார்கள். நிஜவேகத்தில் ஆடும்போது அதே 2 நிமிடம் வேறு மாதிரி. குதிரின் மூடி திறந்துகொண்டிருக்கும். நம் ரேடாருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. நம் கரையில் ஏதாவது மேலே எழுகிறதா என்று கண் அலையும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நெருக்கடியான கட்டத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

அக்கா மகன் அன்று செய்தது இதைத்தான்: எதுவுமே செய்யாமல் இருந்தது. ஆறு குதிர்களையும் காவலிலேயே வைத்திருந்தான். என் 60 குண்டுகளும் அவன் கேடயத்தில் வந்து மோதித் தீர்ந்த பிறகு, கேடயமில்லாத என் மீது அவனுடைய 60 குண்டுகளும் முழுசாக மிச்சம் இருந்தன. குதிரை நன்றாகப் பயன்படுத்துவது என்றால் முதலில் அதைப் பயன்படுத்தாமல் இருக்கத் தெரிய வேண்டும். கேட்க ஏதோ ஞான உபதேசம் மாதிரி இருக்கிறது. ஆனால் இது வெறும் கணக்கு.

பாதி, அதில் பாதி

கணக்கு என்று சொன்னதால் அதையும் பார்த்துவிடலாம். எதிரியின் மக்களில் பத்து லட்சம் பேர் இறந்தால் நமக்கு 2 புள்ளி. நம்மவர்களில் பத்து லட்சம் பேர் இறந்தால் 1 புள்ளி குறையும். வழக்கமான ஆட்டத்தின் மதிப்பெண் முறை இதுதான். எதிரியின் சாவு நமக்குத் தரும் லாபம், நம் சாவு தரும் நஷ்டத்தைப் போல இரண்டு மடங்கு. இதை எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். உயிரோடு எஞ்சியவர்களை மட்டும் எண்ணும் முறையும் உண்டு, கொன்றவர்களை மட்டும் எண்ணும் முறையும் உண்டு. முறை மாறினால் ஆட்டக்காரரின் குணமே மாறிவிடும். எஞ்சியவர்களை எண்ணும் ஆட்டத்தில் எல்லோரும் திடீரென்று சாதுவாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குண்டு விழுந்தால் நகரத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சாவார்கள். 80 லட்சம் பேர் இருக்கும் நகரமென்றால் முதல் குண்டுக்கு 40 லட்சம், இரண்டாவதற்கு 20 லட்சம், மூன்றாவதற்கு 10 லட்சம். முதல் குண்டு 8 புள்ளி தரும். மூன்றாவது வெறும் 2. அப்படியானால் ஒரே ஊரில் குவிக்காமல் பெரிய நகரங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்புவதுதானே புத்திசாலித்தனம்? ஆம், வானத்தில் யாரும் சுடாமல் இருந்தால். எதிரியின் குதிர்கள் காவலில் இருக்கும்போது தனித்தனியாக வரும் குண்டுகள் மழையில் ஏற்றிய தீக்குச்சிகள். பத்து குண்டுகள் ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு மேல் வந்தால்தான் எல்லாவற்றையும் சுட்டு முடிக்க அவற்றுக்கு நேரம் போதாது. லாபம் வேண்டுமென்றால் பரப்ப வேண்டும். உள்ளே நுழைய வேண்டுமென்றால் குவிக்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி வரை இந்த இழுபறி தீராது.

குவிப்பதும் சுலபமில்லை. குதிர்கள் ஆறும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நொடியில் அழுத்தினால், பக்கத்தில் உள்ளதன் குண்டு முதலில் போய்ச் சேரும். தூரத்தில் உள்ளது பின்னால் வரும். எதிரி ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளுவான். ஆகவே தொலைவில் உள்ள குதிரை முதலில், அருகில் உள்ளதைக் கடைசியில். சேர்ந்து கிளம்புவது முக்கியமில்லை, சேர்ந்து இறங்குவதுதான் முக்கியம். கல்யாணப் பந்தியில் சாதமும் சாம்பாரும் ஒன்றாக இலைக்கு வர, அடுப்பில் எதை முதலில் ஏற்றுவது என்று தலைமைச் சமையல்காரர் போடும் கணக்குதான் இது. ஏவுகணைகளுக்குச் சற்று முன்னால் விமானங்களை அனுப்பினால் இன்னும் நல்லது. குதிர்கள் அவற்றைச் சுடுவதில் மும்முரமாக இருக்கும்போது குண்டுகள் தலைக்கு மேல் வந்துவிடும்.

எதிரியின் குதிரையே தாக்கலாமா? ஒரு குதிரை அழிக்க 3 குண்டுகள் வேண்டும். அதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. அதே மூன்றும் அந்த 80 லட்சம் நகரத்தில் விழுந்திருந்தால் 14 புள்ளி. தொடக்கக்காரர்கள், எதிரியின் குதிர் வரைபடத்தில் தெரிந்ததும் ஆத்திரத்தில் அதன்மேல் பாய்வார்கள். குண்டு கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் அந்தக் குதிர் பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். சரி, காலிக் குதிர் எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. அது காவல் நிலைக்குத் திரும்பினால் கடைசி வரை சுட்டுக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில், எதிரியின் நகரங்களை மறைத்து நிற்கும் குதிரை மட்டும் உடைப்பது லாபம். ஒதுக்குப்புறத்தில் நிற்பதை மறந்துவிடலாம்.

இங்கிருந்துதான் குதிரை எங்கே நட வேண்டும் என்பதும் தெளிவாகிறது. ஆளில்லாத சைபீரியக் கோடியில் ஒளித்து வைத்தால் அது பத்திரமாக இருக்கும், ஆனால் தன்னை மட்டுமே காத்துக்கொள்ளும். மக்கள் நெருக்கமாக வாழும் மேற்கு ரஷ்யாவில் நட்டால் நகரங்களைக் காக்கும். இரண்டு மூன்றை அருகருகே வைத்தால் ஒன்றின் வீச்சு மற்றதன் வீச்சோடு சேர்ந்துகொள்ளும். ஒன்று தாக்கப் போனாலும் மற்றவை காவல் காக்கும். ஆறையும் ஒரே சமயத்தில் திறக்காமல் பாதிப் பாதியாகத் திறப்பது அதனால்தான்.

மற்ற குதிர்கள்

டெஃப்கானுக்கு முன்பே உத்தி விளையாட்டுகளில் குதிர்கள் இருந்தன. வெஸ்ட்வுட் உருவாக்கி 2000-ல் வெளியான 'ரெட் அலர்ட் 2'-ல் சோவியத் தரப்பு 5,000 பணம் கொடுத்துக் கட்டும் அணு ஏவுகணைக் குதிர் ரொம்பப் பிரபலம். கட்டிய கணமே எதிரிக்கு எச்சரிக்கை போய்விடும். 10 நிமிடக் கடிகாரம் எல்லோர் திரையிலும் ஓடத் தொடங்கும். அங்கே குண்டைவிட அந்தக் கடிகாரம்தான் ஆயுதம். பத்து நிமிடத்துக்குள் வந்து உடைத்தாக வேண்டும் என்று எதிரியை அரைகுறைப் படையோடு நம் வாசலுக்கு வரவழைத்துவிடும். ஒரு வேடிக்கை: தளத்தில் மின்சாரம் பற்றாமல் போனால் கடிகாரம் நின்றுவிடும். குதிரைத் தொடாமல் மின் நிலையத்தை மட்டும் அடித்தால் போதும். கரன்ட் கட் ஓர் அணு ஆயுதத்தைத் தடுக்கும் என்பதை நம்மவர்கள் உடனே நம்புவார்கள்.

1998-ன் 'ஸ்டார்கிராஃப்ட்'டில் குதிர் இருந்தால் மட்டும் போதாது. 'கோஸ்ட்' என்ற மறைந்திருக்கும் வீரன் இலக்குக்கு அருகில் போய் நின்று குறி காட்ட வேண்டும். எச்சரிக்கைக் குரல் ஒலித்ததும் எதிரி தன் தளமெங்கும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியைத் தேடி அலைவான். 2003-ன் 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' இன்னொரு கோணம். அதில் அணுகுண்டு வெடிக்க வெடிக்க ஒரு பேரழிவுக் கணக்கு குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டால் எல்லோருக்கும் தோல்வி. எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. ஆனால் அது பயத்தை விதியாக எழுதி வைக்கிறது. டெஃப்கான் அப்படி எழுதவில்லை, ஆட்டக்காரரின் வயிற்றில் அதுவாகவே உருவாகும்படி விட்டுவிடுகிறது.

நிஜக் குதிர்கள்

அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகள் முதன்முதலில் தயார் நிலைக்கு வந்தது 1962 அக்டோபரில், கியூபா நெருக்கடியின் உச்சத்தில், மொன்டானா மாநிலத்தின் மால்ம்ஸ்ட்ரோம் தளத்தில். பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 1,000 வரை போனது. நிலத்துக்கடியில் ஒரு கட்டுப்பாட்டு அறை, அதில் இரண்டு அதிகாரிகள், அவர்கள் பொறுப்பில் 10 ஏவுகணைகள். விளையாட்டின் ஒரு குதிருக்கும் 10 குண்டுகள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

ஆனால் நிஜம் பல இடங்களில் விளையாட்டுக்கு நேர் எதிர். டெஃப்கானில் குதிரை நகரங்களுக்குப் பக்கத்தில் நட வேண்டும். அமெரிக்கர்கள் மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங் என்று ஆள் நடமாட்டம் குறைந்த வயல்வெளிகளில் நட்டார்கள். அங்கே குதிர் கேடயமல்ல, பஞ்சு. எதிரி இத்தனை குழிகளையும் அழிக்க வேண்டுமானால் தன் குண்டுகளில் பெரும்பகுதியை அந்த வயல்களில் கொட்டித் தீர்க்க வேண்டும். அணுப்போர் நிபுணர்கள் இதை உறிஞ்சும் பஞ்சு என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அந்த வயல்களில் கோதுமை விதைப்பவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குதிரைக் காக்க ஒரு கேடயமும் கட்டிப் பார்த்தார்கள். வடக்கு டகோட்டாவில் 'சேஃப்கார்ட்' என்ற தடுப்பு ஏவுகணைத் தளம் 1975 அக்டோபரில் முழு அளவில் செயலுக்கு வந்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஒரே குதிர் என்பது விளையாட்டுக்காரர்களின் கற்பனை வசதி மட்டும்தான்.

விலாச விஷயத்தில்தான் நிஜம் இன்னும் விசித்திரம். டெஃப்கானில் குதிர் கிளம்பும்வரை ஒளிந்திருக்கும். நிஜத்தில் எல்லாக் குழிகளும் செயற்கைக்கோளுக்குத் தெரிந்தவைதான். இதற்கு ஒரு மாற்று யோசித்தார்கள். 1979-ல் ஜிம்மி கார்ட்டர் அரசு ஒப்புக்கொண்ட திட்டம் அது: நெவாடா, யூட்டா பாலைவனங்களில் 4,600 மறைவிடங்களைக் கட்டி, 200 'எம்எக்ஸ்' ஏவுகணைகளை அவற்றுக்குள் மாற்றி மாற்றி ஒளித்து வைப்பது. அதாவது ஒரு ஏவுகணைக்கு 23 குதிர்கள். அப்பன் எந்தக் குதிருக்குள் என்பது பிள்ளைக்கே தெரியாது! உள்ளூர் மக்களும் பண்ணைக்காரர்களும் எதிர்த்தார்கள். 1981-ல் ரீகன் அதைக் கைவிட்டார். 2021-ல் சீனாவின் கான்சூ மாகாணத்து யூமென் பாலைவனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய குழிகள் கட்டப்படுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வணிகச் செயற்கைக்கோள் படங்களிலேயே கண்டுபிடித்தபோது, எல்லாவற்றிலும் ஏவுகணை இருக்குமா, சிலவற்றில் மட்டுமா என்ற பழைய கேள்வி திரும்பவும் எழுந்தது.

தெற்கு டகோட்டாவில் 'டெல்டா-09' என்ற குழி இப்போது அருங்காட்சியகம். மேலே கண்ணாடிக் கூரை. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்கலாம். ரஷ்யச் செயற்கைக்கோள்களும் உள்ளே ஆபத்தானது எதுவும் இல்லை என்று சரிபார்த்துக்கொள்ளலாம். அப்பன் குதிருக்குள் இல்லை என்று உண்மையாகவே சொல்கிற ஒரே குதிர் அதுதான் போலிருக்கிறது.

மறுபடியும் ரஷ்யா

போன வாரம் மீண்டும் ஆடினோம். இம்முறை நான் திருந்தியிருந்தேன். ஆறு குதிர்களும் கிழக்குக் கரை நகரங்களுக்குப் பின்னால் மூன்று மூன்றாக, எல்லாம் காவலில். கடலில் பாதிக் கப்பல்கள் போய்விட்டன, அவனுக்கும் அப்படித்தான். டெஃப்கான் 1 வந்தது. நான் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. 40 நிமிடம் ஆயிற்று, 50 ஆயிற்று. நிஜவேகம். அக்கா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

"மாமா, நீங்க ஆரம்பிங்க."

"நீ சின்னப் பையன், நீ ஆரம்பி."

அவன் சிரித்துக்கொண்டே எதையோ அழுத்தினான். இரண்டு நிமிடம் கழித்து, சைபீரியாவின் கிழக்குக் கோடியில், எந்த ஊருக்கும் பக்கத்தில் இல்லாத ஓரிடத்தில் ஒரே ஒரு குதிர் என் திரையில் தெரிந்தது. அதிலிருந்து ஒரே ஒரு குண்டு கிளம்பி பசிபிக்கின் மேல் வளையத் தொடங்கியது. அந்தக் குதிர் இப்போது திறந்து கிடக்கிறது, தன்னைக் காத்துக்கொள்ளாது. மூன்று குண்டு போதும். மற்ற ஐந்தும் எங்கே என்று எனக்குத் தெரியாது. மவுஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தபடி இருந்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.